பருந்துப் படம் போட்ட அந்தச் சிவப்பு பியரை வீட்டில் காய்ச்ச முடியுமா?

நீங்கள் கேட்டதை என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். தப்பாகப் புரிந்துகொண்டு நீளமாக எழுதிவிடக் கூடாது. 2006இல் சான் ஹோசேவுக்கு வேலைக்கு வந்தபோது நண்பர் ஒருவர் வாங்கிக் கொடுத்த ரெட் டெயில் ஏல் (ஏல் என்பது பியரில் ஒரு வகை) உங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அதைக் காய்ச்சிய மென்டோசினோ ப்ரூயிங் கம்பெனி 2018இல் மூடிவிட்டது. பருந்துப் படம் போட்ட அந்த பாட்டிலைக் கடையில் பார்த்துப் பல வருடம் ஆகிறது. இப்போது அபார்ட்மென்ட் அடுப்பில், மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பாகு அல்லது பொடி) வைத்து நீங்களே செய்து பார்க்க நினைக்கிறீர்கள். அசல் ரெசிபி யாரிடமாவது இருக்கிறதா, எக்ஸ்ட்ராக்ட்டில் செய்தால் அதே ருசி வருமா என்று கேட்கிறீர்கள். நன்றாக வந்தால் சென்னையில் இருக்கும் தம்பிக்கும் செய்முறையை அனுப்பலாமா என்று கடைசியில் ஒரு வரி.

ரெசிபி கேட்பது போலத் தெரிந்தாலும், ஏறக்குறைய இருபது வருடத்துக்கு முன் நாக்கில் பட்ட ஒரு ருசி திரும்பி வருமா என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டுக்கும் பதில் வேறு. அந்த வகை பியரை, அந்த நிறத்தில், அந்தக் கசப்போடும் போதையோடும் எக்ஸ்ட்ராக்ட்டில் செய்ய முடியும். முதல் தடவையே குடிக்கும்படி வரும், மூன்றாவது தடவை நன்றாகவே வரும். ஆனால் அதுதான் ரெட் டெயில் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு புது பாட்டில் வேண்டுமே! எங்காவது பழைய பாட்டில் மிச்சம் இருந்தாலும் இத்தனை வருடத்தில் அது ஈர அட்டை வாசனைதான் அடிக்கும்.

நான் சாக்ரமென்டோ பக்கம் பதினாறு வருடமாக வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். முதல் ஐந்து வருடம் எக்ஸ்ட்ராக்ட் மட்டும்தான், அப்புறம்தான் பார்லியிலிருந்தே காய்ச்சும் முழுத் தானிய முறைக்கு மாறினேன். தொழில்முறை ப்ரூவர் இல்லை, அந்தக் கம்பெனியில் யாரையும் எனக்குத் தெரியாது. ஹைவே 101 வழியாக வடக்கே போகும்போதெல்லாம் அங்கே வண்டியை நிறுத்திக் குடித்திருக்கிறேன் என்பதுதான் என் தகுதி. அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. கதைக்காகச் சொல்லவில்லை, ரெசிபிக்கே இது வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 100 மைல் தூரத்தில் ஹாப்லேண்ட் என்று ஒரு சின்ன ஊர். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரம் முழுக்க, பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் என்ற கொடிப் பூவின் தோட்டமாக இருந்ததால் வந்த பெயர். 1983இல் அங்கே பியரைக் காய்ச்சி அதே கூரைக்கு அடியில் விற்கும் ஒரு கடையை மென்டோசினோ கம்பெனி திறந்தது. மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு கலிபோர்னியாவில் அப்படித் திறந்த முதல் கடை அதுதான். அதற்கு முந்தைய வருடம்தான் சொனோமாவில் ஜாக் மெக்காலிஃப் நடத்திவந்த நியூ ஆல்பியன் என்ற குட்டி ப்ரூவரி மூடியிருந்தது. 1976இல் அவர் ஆரம்பித்தது அது, இன்றைய அமெரிக்க கிராஃப்ட் பியருக்கெல்லாம் (சின்னச் சின்ன ப்ரூவரிகள் காய்ச்சும் பியர்) பாட்டி மாதிரி. அங்கிருந்த பாத்திரங்கள், அங்கே வேலை பார்த்த டான் பார்க்லி, அங்கே வளர்த்த ஈஸ்ட் எல்லாம் ஹாப்லேண்டுக்கு வந்து சேர்ந்தன. அந்த ஈஸ்ட்டை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1997இல் கம்பெனி யூக்கையாவில் பெரிய ப்ரூவரி கட்டிக்கொண்டு போனது. அதே வருடம் பெரும்பங்கு விஜய் மல்லையாவின் யுபி குழுமத்தின் கைக்கு வந்தது. ஆமாம், நம்ம ஊர் கிங்ஃபிஷர்காரர்தான். இங்கே இந்தியன் ரெஸ்டாரன்ட்டில் நீங்கள் குடித்த கிங்ஃபிஷர், பெங்களூரிலிருந்து கப்பலில் வந்ததாக நினைத்திருந்தால் ஏமாந்துவிட்டீர்கள். மென்டோசினோ கம்பெனியே அதை அமெரிக்காவில் காய்ச்சி விற்றது. 2018 ஜனவரியில் எல்லாம் நின்றது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரெட் டெயில் என்று ஒரே பியர் இருந்ததாக நினைக்கக் கூடாது. ஹாப்லேண்டில் சின்னப் பாத்திரத்தில் காய்ச்சிய எண்பதுகளின் ரெட் டெயிலும், யூக்கையாவின் பெரிய டாங்கில் காய்ச்சிய 2006ஆம் வருட ரெட் டெயிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்திருக்க வழியில்லை. பாத்திரம் மாறினால் பியர் மாறும், ஹாப்ஸ் அறுவடை வருடாவருடம் மாறும். உங்களுக்கு வேண்டியது யூக்கையா பியர். பழைய ஆட்கள் எழுதிவைத்த குறிப்புகள் உங்கள் கையில் கிடைத்தால், எந்தக் காலத்து பியரைப் பற்றி எழுதுகிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

சரி, உறுதியாகத் தெரிந்தது என்ன? அது அமெரிக்க ஆம்பர் (செம்பொன் நிறம்) அல்லது ரெட் ஏல் வகை. ஆல்கஹால் சுமார் 6.1 சதவீதம். வெளிர் மால்ட்டும் கேரமல் மால்ட்டும் சேர்ந்தது. ஹாப்ஸில் கசப்புக்கு கிளஸ்டர், மணத்துக்கு கேஸ்கேட். இவ்வளவுதான் கெட்டியான நிலம். கேரமல் மால்ட் எந்தத் தரம், எத்தனை சதவீதம், ஹாப்ஸை எந்த நிமிடத்தில் போட்டார்கள் என்பதெல்லாம் ஊகம். இணையத்தில் ‘ரெட் டெயில் க்ளோன்’, அதாவது நகல், என்று சுற்றும் ரெசிபிகளில் கிராம் கணக்கு துல்லியமாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அவற்றை எழுதியவர்களும் நம்மைப் போல நாக்கை நம்பித்தான் எழுதியிருக்கிறார்கள். கீழே நான் தருவதும் அப்படித்தான்.

இப்போது எக்ஸ்ட்ராக்ட். முளைகட்டிக் காயவைத்த பார்லியை இடித்து, 65 டிகிரி செல்சியஸ் சுற்றி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். அந்த இனிப்புத் தண்ணீரை வற்ற வைத்துப் பாகாக்கினால் திரவ எக்ஸ்ட்ராக்ட், இன்னும் உலர்த்திப் பொடியாக்கினால் உலர் எக்ஸ்ட்ராக்ட். டப்பாவைத் திறந்து மோந்து பாருங்கள், சின்ன வயதில் கரண்டியால் அள்ளி வாயில் போட்டுக்கொண்ட ஹார்லிக்ஸ் ஞாபகம் வரும். அதுவும் மால்ட்தானே. ஆக, பியர் காய்ச்சுவதில் பாதி வேலையை ஆலைக்காரர் முடித்துக் கொடுத்துவிடுகிறார். அதில் ஒரு சங்கடமும் உண்டு. எவ்வளவு சர்க்கரை புளிக்கும், எவ்வளவு புளிக்காமல் இனிப்பாகத் தங்கும் என்பதை அவரே முடிவு செய்துவிட்டார். முழுத் தானியத்தில் காய்ச்சுபவர் இரண்டு டிகிரி கூட்டிக் குறைத்து அதை மாற்றிக்கொள்வார். உங்களால் முடியாது.

அதனால் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, கடையில் ‘ஆம்பர் எக்ஸ்ட்ராக்ட்’ என்று கிடைப்பதை வாங்காதீர்கள். சிவப்பு பியர்தானே, ஆம்பர்தான் பொருத்தம் என்று தோன்றும். நானும் முதலில் அதைத்தான் வாங்கினேன். அதில் அடர்நிற மால்ட்டுகளை ஆலையிலேயே கலந்துவிடுவார்கள், அதற்கு மேல் நாமும் கேரமல் மால்ட் சேர்த்தால் பியர் சிவப்பாக வராது, கலங்கிய பழுப்பாக, வெல்லத் தண்ணீர் மாதிரி திகட்டலாக வரும். இருப்பதிலேயே வெளிறிய எக்ஸ்ட்ராக்ட் வாங்கி, நிறத்தையும் கேரமல் ருசியையும் தனியாகத் தானியத்திலிருந்து எடுங்கள். இரண்டாவது, முடிந்தால் உலர் எக்ஸ்ட்ராக்ட். திரவ எக்ஸ்ட்ராக்ட் கெட்டது இல்லை, ஆனால் அலமாரியில் இருக்க இருக்கக் கறுக்கும், ருசியும் மங்கும். விற்பனை வேகமாக நடக்கும் கடை என்றால் திரவமே வாங்கலாம், தேதி பார்த்து.

அளவுக்கு வருவோம். முடிவில் 19 லிட்டர், அதாவது இங்கே எல்லோரும் செய்யும் ஐந்து கேலன் கணக்கு. வெளிர் உலர் எக்ஸ்ட்ராக்ட் 2.6 கிலோ. மூன்று பவுண்டு பை இரண்டு வாங்கினால் ஏறக்குறைய 120 கிராம் மிஞ்சும், அதை எறிந்துவிடாதீர்கள். கூடவே 200 கிராம் வெள்ளைச் சர்க்கரை. லோவிபாண்ட் (மால்ட்டின் நிறத்தை அளக்கும் எண்) 60 தரத்துக் கேரமல் மால்ட் 360 கிராம், 120 தரத்தில் 180 கிராம், வறுத்த பார்லி வெறும் 50 கிராம். இவற்றை வைத்துக் கணக்குப் போட்டால் ஆரம்ப அடர்த்தி (வெறும் தண்ணீர் 1.000 என்ற கணக்கில்) 1.060 அளவில் நிற்கும். 1.014இல் புளிப்பு முடிந்தால் ஆல்கஹால் 6 சதவீதத்தைத் தொடும். நிறம், பியரின் நிறத்தை அளக்கும் எஸ்ஆர்எம் கணக்கில் 15, 16 வரும்.

சர்க்கரை என்றதும் சில பேர் முகம் சுளிப்பார்கள், மலிவு பியர் வேலை என்று. இங்கே அது ஆல்கஹாலைக் கூட்ட இல்லை. எக்ஸ்ட்ராக்ட்டில் காய்ச்சிய பியர் 1.018, 1.020 என்று பாதி வழியில் நின்றுவிடுவது பழைய புகார். அரை கிலோவுக்கு மேல் கேரமல் மால்ட் வேறு சேர்க்கிறோம், அதன் இனிப்பில் நல்ல பங்கு புளிக்காது. கொஞ்சம் எக்ஸ்ட்ராக்ட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முழுக்கப் புளிக்கும் சர்க்கரையை வைத்தால் பியர் வறண்டு முடியும். ரெட் டெயில் என் ஞாபகத்தில் முதல் வாய்க்கு இனித்து, விழுங்கும்போது வறண்ட பியர். வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போடாதீர்கள், அதன் மணம் தனியாகத் தெரியும்.

நிறத்தில்தான் புதிதாகச் செய்பவர்கள் அதிகமாகத் தடுமாறுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கேரமல் மால்ட் என்பது முளைத்த பார்லியை ஈரத்தோடு சூடாக்கி, உமிக்குள்ளேயே அதைப் பாகாக மாற்றி, அப்புறம் வறுத்தது. வறுபடும் அளவைப் பொறுத்து 40, 60, 80, 120 என்று எண் ஏறும். 60இல் டோஃபி மாதிரி ருசி, 120க்குப் போனால் உலர்ந்த திராட்சை, கொஞ்சம் கருகல். வெறும் 60 மட்டும் போட்டால் எவ்வளவு போட்டாலும் செம்பு நிறத்தில்தான் நிற்கும், பியரோ பாயசமாகிவிடும். வறுத்த பார்லி காப்பிக்கொட்டை மாதிரி கறுப்பு. அதை ஒரு கைப்பிடி போட்டால் ஸ்டவுட் என்ற கறுப்பு பியர் மாதிரி கறுக்காது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது மாணிக்கச் சிவப்பு காட்டும். ஐரிஷ் ரெட் ஏல்காரர்களின் பழைய வித்தை இது. ரெட் டெயிலில் வறுத்த பார்லி இருந்தது என்று நான் சொல்லவில்லை, இருந்ததற்குச் சான்று எதையும் நான் பார்த்ததில்லை. எக்ஸ்ட்ராக்ட்டை வைத்துக்கொண்டு அந்தச் சிவப்பை எட்ட இது சுலபமான வழி, அவ்வளவே. 50 கிராமைத் தாண்டினால் காப்பி ருசி எட்டிப் பார்க்கும், சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில் எக்ஸ்ட்ராக்ட்காரருக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஆலைக்காரர் உபயோகித்த தண்ணீரின் உப்புகள் அந்தப் பொடியிலேயே இருக்கின்றன. அதனால் கடையில் விற்கும் ஆர்ஓ தண்ணீரோ வாலைவடித் தண்ணீரோ தாராளமாகப் போதும், உப்பு எதையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். குழாய்த் தண்ணீர் என்றால் அதிலுள்ள குளோரின், குளோரமினை எடுத்தே ஆக வேண்டும். இவற்றை முறிக்கும் கேம்ப்டன் மாத்திரை ஒன்று 20 கேலனுக்கு வரும், உங்களுக்குக் கால் மாத்திரை போதும், நுணுக்கிக் கலக்குங்கள். இதைச் செய்யாமல் விட்ட என் மூன்றாவது தொட்டி முழுக்க பிளாஸ்திரி வாசனை. குளோரமின் சும்மா கொதிக்க வைத்தால் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. ஐம்பது பாட்டிலையும் சிங்க்கில் கொட்டும்போது வந்த அழுகையை இன்னும் மறக்கவில்லை.

அடுப்பு வேலை இப்படி. அபார்ட்மென்ட் அடுப்பில் 19 லிட்டரைத் தளதளவென்று கொதிக்க வைக்க முடியாது, 11 லிட்டர் காய்ச்சிக் கடைசியில் தண்ணீர் சேர்ப்போம். பாத்திரம் 20 லிட்டருக்குக் குறையக் கூடாது. கடையிலேயே உடைத்துத் தரச் சொன்ன கேரமல் மால்ட்டையும் வறுத்த பார்லியையும் மஸ்லின் பையில் கட்டி, 68 டிகிரி வெந்நீரில் அரை மணி ஊறவிடுங்கள். தேநீர்ப் பை மாதிரிதான். 77 டிகிரியைத் தாண்டவிட்டால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். பையைத் தூக்கி வடியவிட்டு எடுத்துவிடுங்கள். பிழியக் கூடாது என்று ஒரு கட்சி, பிழிந்தால் ஒன்றும் ஆகாது என்று ஒரு கட்சி. நான் லேசாகப் பிழிகிறேன், எதுவும் கெட்டதில்லை.

அடுத்து அடுப்பை அணைத்துவிட்டு 900 கிராம் எக்ஸ்ட்ராக்ட்டை மட்டும் தூவிக் கரையுங்கள். அணைக்காமல் கொட்டினால் அடியில் போய்ப் பிடித்துக்கொள்ளும். பால்கோவா கிண்டியவர்களுக்கு அடிபிடித்த வாசனை எத்தனை தூரம் பரவும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபடி கொதி வரும்போது பால் மாதிரி பொங்கும், பக்கத்திலேயே நில்லுங்கள். பொங்கி அடங்கியதும் கிளஸ்டர் 28 கிராம் போட்டு ஒரு மணி நேரக் கணக்கை ஆரம்பியுங்கள். முடிய 15 நிமிடம் இருக்கும்போது மறுபடி அணைத்து, மீதி 1.7 கிலோ எக்ஸ்ட்ராக்ட்டையும் சர்க்கரையையும் கரைத்து, கொதி வந்ததும் கேஸ்கேட் 20 கிராம். அடுப்பை அணைக்கும்போது இன்னொரு 28 கிராம் கேஸ்கேட். எக்ஸ்ட்ராக்ட்டில் பெரும்பகுதியைக் கடைசியில் போடுவதற்குக் காரணம் நிறம்தான். அடர்த்தியான பாகு ஒரு மணி நேரம் கொதித்தால் சிவப்பு போய் மண் நிறம் வரும், கேரமல் வாசனையும் எல்லை மீறும். கசப்பும் அடர்த்தி குறைந்த தண்ணீரில் நன்றாக இறங்கும் என்பார்கள், ஆனால் எவ்வளவு வித்தியாசம் என்பதில் அனுபவசாலிகளுக்குள்ளேயே சண்டை உண்டு. கிளஸ்டர் 7 சதவீத ஆல்ஃபா அமிலம் (ஹாப்ஸில் கசப்பு தருவது) என்று வைத்துக்கொண்டால் மொத்தக் கசப்பு, ஐபியு என்ற கசப்பு அளவில், கணக்குப்படி 30 பக்கம் வரும். உங்கள் பாக்கெட்டில் வேறு எண் இருந்தால் அதற்கேற்ப எடையை மாற்றுங்கள்.

கிளஸ்டரை இப்போது புதிதாக வருபவர்கள் மதிப்பதில்லை, தாத்தா காலத்து ஹாப்ஸ் என்று. அதை விட்டுவிட்டு வேறு நவீன ரகம் போட்டால் பியர் நன்றாகவே வரும், ஆனால் நீங்கள் தேடுவது வராது. கிளஸ்டரின் கசப்பில் ஒரு மண்வாடை, கொஞ்சம் முரட்டுத்தனம் உண்டு. கேஸ்கேட் 1972இல் வெளிவந்த ரகம். பம்ப்ளிமாஸ் தோலைக் கிள்ளினால் தெறிக்குமே, அந்த மணம்.

கொதித்து முடிந்ததைச் சீக்கிரம் ஆறவிட வேண்டும். பாத்திரத்தை மூடி, ஐஸ் தண்ணீர் நிரப்பிய குளியல் தொட்டியில் வைத்தால் அரை மணி, முக்கால் மணியில் இறங்கிவிடும். இந்தக் கட்டத்திலிருந்து படுவதெல்லாம் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும், ஸ்டார் சான் மாதிரி கிருமிநீக்கித் திரவம் ஒன்று போதும், அதன் நுரை தங்கிவிட்டால் பயப்பட வேண்டாம். நொதிக்கும் வாளியில் ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் சேர்த்து 19 லிட்டராக்குங்கள். அடர்த்தி அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.045 காட்டினால் பதறாதீர்கள். சேர்த்த தண்ணீர் மேலே நிற்கிறது, கனமான பாகு கீழே நிற்கிறது, சரியாகக் கலக்கவில்லை என்று அர்த்தம். எக்ஸ்ட்ராக்ட் எடையும் மொத்த அளவும் சரியாக இருந்தால் அடர்த்தி தப்பவே தப்பாது.

ஈஸ்ட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? என் கணிப்பில், நீங்கள் தேடும் ருசியின் பாதி இதில்தான் இருக்கிறது. நியூ ஆல்பியனின் ஈஸ்ட் ஹாப்லேண்டுக்கு வந்தது என்பது பதிவான விஷயம். அந்த ஈஸ்ட்டின் ஒரு மாதிரி டேவிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1977 முதல் பத்திரமாக இருந்தது. 2013இல் பாஸ்டன் பியர் கம்பெனி மெக்காலிஃபோடு சேர்ந்து நியூ ஆல்பியன் ஏலை மறுபடி காய்ச்சியபோது அதிலிருந்துதான் எடுத்தார்கள். இதுவரை உறுதி. வீட்டில் காய்ச்சுபவர்களுக்கு ஒயிட் லேப்ஸ் விற்கும் டபிள்யூஎல்பி 076, ‘ஓல்ட் சொனோமா ஏல்’, வட கலிபோர்னியாவின் ஒரு வரலாற்றுப் ப்ரூவரியிலிருந்து வந்தது என்று மட்டும் கம்பெனி சொல்கிறது, பெயரைச் சொல்வதில்லை. அது நியூ ஆல்பியன்தான் என்று ஹோம்ப்ரூ ஆட்கள் பேசிக்கொள்வார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் 2006இல் யூக்கையா டாங்கில் ஓடியதும் அதே ஈஸ்ட் என்பது அதற்கும் மேலான ஊகம். இருபது வருடம் திரும்பத் திரும்ப எடுத்துப் போட்ட ஈஸ்ட் தானாகவே மாறியிருக்கும்.

ஆகவே முதல் தடவை எளிதாகக் கிடைக்கும் யுஎஸ்-05 உலர் ஈஸ்ட்டையே போடுங்கள். 11.5 கிராம் பாக்கெட் இரண்டு, சற்றுத் தாராளம்தான், பரவாயில்லை. சுத்தமாகப் புளிக்கும், தப்பு நடந்தால் ஈஸ்ட் மேல் பழி போக முடியாது. இரண்டாவது தடவை அதே ரெசிபியில் எதையும் மாற்றாமல் 076 மட்டும் மாற்றிப் பாருங்கள். அது திரவ ஈஸ்ட், முதல் நாளே ஸ்டார்ட்டர் போட்டு எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். மிஞ்சிய எக்ஸ்ட்ராக்ட்டில் 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்க வைத்து ஆறவிட்டால் அதற்குச் சரியாக இருக்கும். பிரிட்டிஷ் சாயலில் ஒரு பழ வாசனை வரும். என் நாக்குக்கு அந்த வாசனை வந்தபோதுதான் ‘அட, இதுதானே’ என்று தோன்றியது. நாக்கு பொய் சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும்.

நொதிக்கும்போது வெப்பம் 18இலிருந்து 20 டிகிரி. அறை 20 என்றால் வாளிக்குள் இரண்டு மூன்று டிகிரி கூடவே இருக்கும், ஈஸ்ட் வேலை செய்யும் சூடு அது. வாளியைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, பழைய டி-ஷர்ட்டை நனைத்துப் போர்த்திவிட்டால் மண்பானை குளிர்வது போலக் குளிரும். ஏர்லாக்கில் (வாளிக்குள் உண்டாகும் வாயுவை வெளியே விடும் அடைப்பான்) குமிழி நின்றுவிட்டது, வேலை முடிந்தது என்று முடிவு கட்டாதீர்கள். இரண்டு வாரம் அப்படியே விடுங்கள், மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு ஹைட்ரோமீட்டர் அளவும் ஒன்றாக இருந்தால்தான் முடிந்தது. முடிவதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும், அது விளையாட்டில்லை. அடைக்கும் நாளில் 110 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ஆறியபின் பியரில் மெதுவாகக் கலந்து, 355 மில்லி பாட்டில்களில் நிரப்புங்கள். ஐம்பது பாட்டிலுக்குச் சற்று மேலே வரும். அறை வெப்பத்தில் மூன்று வாரம்.

எக்ஸ்ட்ராக்ட் பியருக்கென்று ஒரு ‘டப்பா ருசி’ உண்டு என்று படித்திருப்பீர்கள். உண்டு, நானும் குடித்திருக்கிறேன். அது எதனால் வருகிறது என்பதில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் கண்டவரை பழைய திரவ எக்ஸ்ட்ராக்ட், 25 டிகிரிக்கு மேல் புளித்த வாளி, டப்பாவோடு வந்த சின்ன ஈஸ்ட் பாக்கெட் இந்த மூன்றும் சேரும் இடத்தில்தான் அது வந்தது. புதுப் பொடி, நல்ல ஈஸ்ட், சரியான வெப்பம் என்று வைத்தபின் என் முழுத் தானிய பியரையும் எக்ஸ்ட்ராக்ட் பியரையும் மூடிய கோப்பைகளில் ஊற்றி நண்பர்களிடம் கொடுத்தேன். இரண்டு கோப்பையில் ஒன்று, மூன்றாவதில் இன்னொன்று, எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். ஆறு பேரில் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் சராசரியாக ஆறில் இரண்டு பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். சின்னச் சோதனை, எதையும் நிரூபிக்காது, ஆனால் எனக்கு நிம்மதியாக இருந்தது.

முதல் தொட்டி வந்ததும் உங்கள் ஞாபகத்தோடு ஒப்பிட்டு ஒரு காகிதத்தில் எழுதுங்கள், ரெட் டெயிலை நினைவில் வைத்திருக்கும் அந்த நண்பரையும் தனியாக எழுதச் சொல்லுங்கள், பேசிக்கொள்ளாமல். இருவரும் ஒரே குறையைச் சொன்னால் மட்டும் மாற்றுங்கள். இனிப்பு கூடுதல் என்றால் 120 தரத்தைப் பாதியாக்குங்கள். கசப்பு போதவில்லை என்றால் கிளஸ்டரை ஐந்து கிராம் ஏற்றுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

தம்பி விஷயம். இங்கே 1978இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தால் வீட்டில் பியர் காய்ச்சுவது கூட்டாட்சி அளவில் அனுமதிக்கப்பட்டது, 1979 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பெரியவர்கள் இருவர் இருக்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 200 கேலன், விற்கக் கூடாது. சென்னையில் கதை வேறு. 1937ஆம் வருட மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது, உரிமம் இல்லாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம். நீங்கள் ஆம்பர் ஏல் என்று சொல்வதை அங்கே ஊறல் என்று எழுதிக் குடத்தோடு எடுத்துப்போவார்கள், கேஸ்கேட் மணத்தைப் பற்றி எஃப்ஐஆரில் ஒரு வரி வராது. செய்முறையை அனுப்பாதீர்கள். அவர் இங்கே வரும்போது நாலு பாட்டில் எடுத்து வையுங்கள், ஃபிரிட்ஜில் நிமிர்த்தி, அடியில் ஈஸ்ட் படியும்படி. ஊற்றும்போது கடைசி விரற்கடையை பாட்டிலிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள்.